ஒரு ரசிகரின் பெயர்

எங்கள் வீட்டில் அக்காவுக்கு அப்பாயி பெயரைத்தான் வைத்தார்கள். அம்மா ஒருநாளும் அந்தப் பெயரைச் சொல்லி அவளைத் திட்டியதில்லை. மாமியார் பெயர் ஆயிற்றே! திட்டுவதற்கு 'பாப்பு' என்று தனியாக ஒரு பெயர் இருந்தது. பெயருக்கு அவ்வளவு மரியாதை கொடுத்த நாம், சீரியல் பாத்திரங்களுக்கு மட்டும் ஏன் வாய்க்கு வந்ததை வைக்கிறோம்?

'ஸ்டார் டிரெக்' என்ற அமெரிக்கத் தொடருக்கு ஜார்ஜ் லா ஃபோர்ஜ் என்று ஒரு ரசிகர் இருந்தார். தசைச் சிதைவு நோயோடு வாழ்ந்து 1975இல் இறந்துபோனார். 1987இல் அதன் அடுத்த தொடர் வந்தபோது, தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி ஒரு பாத்திரத்துக்கு ஜோர்டி லா ஃபோர்ஜ் என்று பெயர் வைத்தார். அந்தப் பாத்திரத்துக்குப் பார்வை கிடையாது. ஆனால் விண்கலத்தை ஓட்டுவதே அவர்தான், அப்புறம் தலைமைப் பொறியாளரும் ஆகிறார். பரிதாபத்துக்காக ஒரு ஓரத்தில் உட்கார வைக்கவில்லை பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அதே ராடன்பெரி, உலகப் போர்க் காலத்தில் பழகித் தொடர்பு விட்டுப்போன நண்பர் கிம் நூனியன் சிங்கின் பெயரை 1967இல் முதல் 'ஸ்டார் டிரெக்' தொடரில் வந்த கான் நூனியன் சிங் என்ற வில்லனுக்கு வைத்தார். எங்கேயாவது அதைக் கேட்டு நண்பர் தேடி வருவார் என்ற ஆசை. 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரின் குடும்பத்துக்கு அதை உருவாக்கிய மேட் கிரேனிங் தன் அப்பா, அம்மா, தங்கைகள் பெயரையே கொடுத்தார்.

ஆனால் கேட்டுவிட்டு வைக்க வேண்டும். 'சைன்ஃபெல்ட்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் கிரேமர், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட்டின் எதிர்வீட்டுக்காரர் கென்னி கிரேமரிலிருந்து வந்த பாத்திரம். பெயருக்கு அவர் பணம் கேட்டு வாங்கினார். அதில் ஒரு தப்பும் இல்லை. பெயர் அவருடையது.

சில வருடம் முன்பு சாலிகிராமத்தில் ஒரு சீரியலுக்கு வசன உதவியாளராக இருந்தேன். ஒரு நர்ஸ் பாத்திரத்துக்குப் பெயர் தேவைப்பட்டது. தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருந்த அக்காவிடம் போய், "உங்க பேர வைக்கட்டுமாக்கா?" என்று கேட்டேன். வெட்கப்பட்டுச் சரி என்றார். மூன்றே நாள்தான் அந்தப் பாத்திரம் வந்தது. மூன்றாம் நாள் காலையில் தட்டில் ஒரு வடையை அதிகமாக வைத்துவிட்டு, "நேத்து நான் ஊசி போட்டேனே, பாத்தியா தம்பி?" என்றார்.