நம்பிக்கை மையத்தில் பொய் சொல்ல வைப்பது யார்?

எச்.ஐ.வி. தடுப்பைப் பற்றிப் பேச்சு வந்தாலே "மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எனக்குத் தெரிந்த தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆணுறை தெரியும். எங்கே டெஸ்ட் எடுக்கலாம் என்று தெரியும். வராமல் தடுக்க மாத்திரை இருப்பதும் இப்போது பலருக்குத் தெரியும். தெரிந்தும் போவதில்லை. போனாலும் உண்மையைச் சொல்வதில்லை. அவமானம்தான் காரணம். நானும் அவர்களில் ஒருவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்து நண்பன் ஒருவன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஒரு அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்கு, அதாவது எச்.ஐ.வி. ஆலோசனையும் டெஸ்ட்டும் தருகிற இடத்துக்கு, போயிருக்கிறான். வெளியே பெஞ்சு, போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கிற இடத்தில். உள்ளே போனதும் முதல் கேள்வி, "கல்யாணம் ஆயிடுச்சா?" இல்லை என்றான். அடுத்தது, "அப்ப வெளியில பொம்பளைங்ககிட்ட போற பழக்கம் இருக்கா?" ஆமாம் என்று சொல்லிவிட்டான். ஒரு பெண்ணையும் தொட்டதில்லை அவன். ஆனால் அந்த அறையில் அந்தப் பொய்தான் அவனுக்குப் பாதுகாப்பாக இருந்தது. பெண்ணிடம் போனவன் என்றால் நாலு அட்வைஸ், ஒரு முறைப்பு, அதோடு விட்டுவிடுவார்கள். ஆணோடு என்று சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியாது. கதவு வேறு திறந்தே கிடந்தது.

அந்த ஒரு பொய்யால் என்னவெல்லாம் விட்டுப்போகிறது பாருங்கள். ஆணுறையோடு தண்ணீர் சார்ந்த ஜெல் பயன்படுத்த வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நம் ஆட்கள் பலர் கைக்குக் கிடைக்கிற தேங்காய் எண்ணெயைத்தான் எடுக்கிறார்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் ஆணுறை வலுவிழந்து கிழியும். ஆசனவாயில் வெட்டை, கிளமிடியா, சிபிலிஸ் மாதிரியான பால்வினைத் தொற்றுகள் வெளியே ஒரு அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம். அவை இருந்தால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடும். டாக்டரிடம் சொன்னால்தானே அவர் அங்கே பரிசோதிப்பார்? அப்புறம் அந்தப் பதிவேடு. அதில் அவன் 'பெண் தொடர்பு' கணக்கில் போய்ச் சேர்கிறான். இப்படிப்பட்ட கணக்குகளை வைத்துத்தான் எந்த ஊரில் யாருக்காக எவ்வளவு செலவழிப்பது என்று மேலே முடிவு செய்கிறார்கள். பயந்து ஒளிந்தவன் கணக்கிலும் காணாமல் போகிறான்.

"புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்கச் சுவர் சுவராகக் கேட்டார்கள். அந்த முயற்சி மேல் எனக்கு மரியாதை உண்டு. வாய் திறக்கவே கூசிய விஷயத்தை டீக்கடை வரைக்கும் கொண்டுவந்தது. ஆனால் அந்த விளம்பரத்தில் வரும் கற்பனை ஆளான புள்ளிராஜா போனது பெண்களிடம். எய்ட்ஸ் என்றால் பெண்ணிடமிருந்து வருவது, ஆணும் ஆணும் என்றால் ஒன்றும் ஆகாது என்று நம்பிய ஆண்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். நிலைமை நேர்மாறு. 2017-ல் நாகோ (அரசின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) எடுத்த கண்காணிப்புக் கணக்கெடுப்பில், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடையே எச்.ஐ.வி. சுமார் 2.7 சதவீதம். நாட்டின் மொத்த வயதுவந்தோரிடையே இது சுமார் 0.2 தான். மலக்குடலின் உட்தோல் மெல்லியது, கிருமி எளிதில் உள்ளே போகும். இது உடம்பின் அமைப்பு. இதில் யாருடைய ஒழுக்கத்தையும் இழுக்க வேண்டியதில்லை.

ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377-வது சட்டப் பிரிவை எதிர்த்த வழக்குகள் எச்.ஐ.வி. பணியில் தொடங்கியவை என்பது பலருக்குத் தெரியாது. 1994-ல் திகார் சிறையில் ஆணுறை கொடுக்க மறுத்தபோதுதான் முதல் வழக்கு. 2001-ல் லக்னோவில் ஆண்களிடையே தடுப்புப் பணி செய்துகொண்டிருந்தவர்களையே போலீஸ் பிடித்து உள்ளே போட்டது. அதே ஆண்டு எச்.ஐ.வி. பணி செய்யும் நாஸ் பவுண்டேஷன் என்ற அமைப்பு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இந்தச் சட்டம் தடுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசின் நாகோவே அந்த வழக்கில் சொன்னது. உள்துறை அமைச்சகமோ சட்டம் இருக்கட்டும் என்றது. 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் விடுவிக்கும்வரை, டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு நின்ற 2009 முதல் 2013 வரை தவிர, நாங்கள் சட்டப்படி குற்றவாளிகள். அத்தனை வருஷப் பயம் ஒரு தீர்ப்பில் போய்விடாது. வீட்டுக்குள் எந்தத் தீர்ப்பும் இன்னும் வரவில்லை. "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடுவான்" என்று பிடித்துக் கட்டிவைக்கிறார்கள். அவன் அப்புறம் இன்னும் ஆழமாக ஒளிகிறான். எதுவுமே தெரியாத அந்தப் பெண்ணும் ஆபத்துக்குள் வந்துவிடுகிறாள்.

இப்போது ப்ரெப் இருக்கிறது. எச்.ஐ.வி. இல்லாதவர் சொன்னபடி எடுத்துக்கொண்டால் தொற்றுவதை மிகப் பெரிய அளவில் தடுக்கும் மாத்திரை. இந்தியக் கம்பெனிகளே தயாரிக்கின்றன. நாகோவும் 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருக்கும் ஒரு தம்பி அதை எப்படி வைத்திருக்கிறான் தெரியுமா? லேபிளைக் கிழித்துவிட்டு, பழைய விட்டமின் டப்பாவுக்கு மாற்றி, குலுக்கினால் சத்தம் கேட்கக் கூடாது என்று மேலே பஞ்சு அடைத்து வைத்திருக்கிறான். ரூமில் இருப்பவன் பெயரைப் பார்த்து கூகுளில் தேடினால் 'எச்.ஐ.வி. மருந்து' என்று வரும், அதோடு கதை முடிந்தது என்று பயம். ஊருக்குப் போகும்போது டப்பாவையே எடுத்துப் போவதில்லை. தீபாவளிக்கு ஒரு வாரம் போனால் ஒரு வாரம் மருந்து இல்லை. தன்னைக் காத்துக்கொள்ளப் பொறுப்பாக நடக்கிறவனின் நிலைமை இது.

வெளியாட்களை மட்டும் குறை சொல்லி நான் முடிக்க மாட்டேன். டேட்டிங் ஆப்பில் நாமே "க்ளீன் ஆளுங்க மட்டும்" என்று எழுதிவைக்கிறோம். அதனால் யார் விலகுகிறார்கள்? டெஸ்ட் எடுத்து, பாசிட்டிவ் என்று தெரிந்து, தினமும் மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் கொண்டுவந்து, அதை நேர்மையாகச் சொல்கிறவர். அவரிடமிருந்து உறவு வழியாகத் தொற்றாது. 2019-ல் வெளிவந்த பார்ட்னர்-2 ஆய்வில், ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்த 782 ஆண் ஜோடிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஆணுறை இல்லாத உறவு ஏறத்தாழ 76,000 தடவை. சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து தொற்றியது ஒருவருக்கும் இல்லை. டெஸ்ட்டே எடுக்காமல் "நான் க்ளீன்" என்று சொல்கிறவரோடு நிம்மதியாகப் போகிறோம். டெஸ்ட் எடுக்காமல் இருப்பதே லாபம் என்று நாமே ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கிறோம். எனக்கு இதில் மிகுந்த கோபம் உண்டு.

ஆலோசகர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். கதவைச் சாத்துங்கள். "உங்க துணை ஆணா, பெண்ணா, ரெண்டு பேருமா?" என்று எல்லோரிடமும் ஒரே குரலில் கேளுங்கள். வந்திருப்பவர் முகத்தைப் பார்த்துப் பதிலை நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

இதைப் படிக்கிற தம்பிகளுக்கு: உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்திருக்கிறது. ஆணுறை கிழிந்துவிட்டது, இல்லை ஏதோ நடந்துவிட்டது என்றால் வீட்டில் உட்கார்ந்து பயப்படாதீர்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் 28 நாள் மருந்தில் தொற்றைத் தடுக்க வாய்ப்பு உண்டு. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. டாக்டரிடம் உடனே போங்கள், அந்த மருந்தான 'பெப்' வேண்டும் என்று கேளுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097-க்குக் கூப்பிடுங்கள், காசு இல்லை. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். சென்னையில் இருந்தால் நான் கூட வருகிறேன்.