இருபது கையெழுத்து

நேற்று என் நர்சிங் மாணவி ஒருத்தி கேஸ் புக்கில் கையெழுத்து வாங்க வந்தாள். "இன்னும் மூணு டெலிவரிதான் மேடம் பாக்கி" என்றாள், பரீட்சைக்கு மூன்று பாடம் பாக்கி என்பது மாதிரி. "முடிச்ச பதினேழு பேர்ல யாராவது ஒருத்தரைப் பத்திச் சொல்லு" என்றேன். திருதிருவென்று முழித்தாள். அவளைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அப்படித்தான் பாஸானேன்.

நர்சிங் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் படித்தபோது 20 சுகப்பிரசவம், 30 கர்ப்பகாலப் பரிசோதனை என்று, செய்ததை கேஸ் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டிய கணக்கு. லேபர் வார்டில் ஏழெட்டு மாணவிகள் நிற்போம். "தலை தெரியுது, யாரு முறை?" என்று சிஸ்டர் குரல் கொடுத்ததும் ஒருத்தி கிளவுஸ் மாட்டிக்கொண்டு ஓடுவாள். குழந்தையைப் பிடித்து, தொப்புள்கொடி வெட்டி, நஞ்சுக்கொடி முழுசாக வந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து எழுதி முடிக்க அரை மணி நேரம். சாயங்காலம் வார்டில் அதே பெண் எதிரே வந்தால் அவளுக்கு என்னைத் தெரியாது. எனக்கு அவளுடைய ஐ.பி. நம்பர், அதாவது உள்நோயாளி எண், மட்டும் தெரியும். கை பழகியது, மறுக்கவில்லை. ஆனால் எட்டு மாதமாக அவள் என்ன சாப்பிட்டாள், எதற்குப் பயந்தாள், வீட்டுக்குப் போனதும் பால் சுரந்ததா என்பதெல்லாம் எங்கள் கணக்கில் வராது.

ஒரே ஒருத்தி விதிவிலக்கு. கிராமப் போஸ்டிங்கில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை ஏ.என்.சி. கிளினிக், அதாவது கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை. அவளை அங்கே மூன்று முறை பார்த்தேன். முதல் முறை "சத்து மாத்திரை தினமும் போடுறேன் சிஸ்டர்" என்றாள். இரண்டாவது முறையும் அதே பதில்தான். மூன்றாவது முறை ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.8, ரொம்பக் குறைவு. நான் ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளாகவே சொன்னாள்: மாத்திரை போட்டால் கறுப்பாக வெளிக்குப் போகிறதாம், பயந்துபோய் பாதி நாள் போடுவதில்லை. போடுகிற நாளிலும் டீயோடுதான். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது என்று புத்தகத்தில் நான் அடிக்கோடு போட்டுப் படித்த வரி, அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

ஒன்பதாம் மாதம் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தற்செயலாக எனக்கும் அங்கேதான் லேபர் வார்டு போஸ்டிங். வலியோடு ராத்திரி வந்து இறங்கினாள், தாய் சேய் நல அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு. என்னைப் பார்த்ததும் "நீங்களா சிஸ்டர்" என்று மணிக்கட்டைப் பிடித்தவள்தான், விடவே இல்லை. ஹீமோகுளோபின் விவரத்தை நான்தான் டியூட்டி சிஸ்டரிடம் சொன்னேன். உடனே டிரிப் லைன் போட்டு, ரத்த வங்கிக்கு சாம்பிள் அனுப்பினார்கள். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் கொஞ்சம் கூடுதலாகத்தான் போயிற்று. ஏற்ற ரத்தம் கையிருப்பில் இருந்ததால் யாரும் பதறவில்லை.

எனக்குத் தற்செயலாகக் கிடைத்த இதை ஆஸ்திரேலியாவில் பாடத்திட்டமாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே மிட்வைஃபரி, அதாவது பிரசவம் பார்க்கும் படிப்பு, படிக்கிற மாணவி ஒவ்வொருவரும் குறைந்தது 10 பெண்களோடு, அவர்கள் சம்மதத்தோடு, கர்ப்ப காலத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் வரை கூடவே போக வேண்டும். முன்பு இது 20 ஆக இருந்தது. மாணவிகளுக்குச் சுமை தாங்கவில்லை என்ற பேச்சு அங்கேயும் உண்டு. என் ஜூனியர் ஒருத்தி அங்கே படிக்கிறாள். தலைமாட்டில் போனை வைத்துத்தான் தூக்கமாம். ராத்திரி இரண்டு மணிக்கு நாற்பது கிலோமீட்டர் காரோட்டிப் போனால், பொய் வலி என்று திருப்பி அனுப்பிவிடுவார்களாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவளுக்கு இது லேசான காரியமில்லை.

கர்ப்பத்திலிருந்து கடைசி வரை தெரிந்த மிட்வைஃபே பார்த்துக்கொள்ளும் முறையைப் பற்றி 17 ஆய்வுகளைத் தொகுத்து, 18,000க்கும் மேற்பட்ட பெண்களின் விவரத்தோடு 2024ல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு வந்தது. அந்தப் பெண்களுக்கு சிசேரியனும் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்கிற பிரசவமும் குறைவு, பிரசவ அனுபவமும் நன்றாக இருந்தது என்கிறது. அவை தேர்ந்த மிட்வைஃப்கள் பார்த்த பிரசவங்கள், மாணவிகள் பார்த்தவை அல்ல. ஆனால் அப்படி வேலை செய்யப்போகிறவள் அதைப் படிக்கும்போதே பழகாமல் வேறு எப்போது பழகுவாள்? நம் மத்திய அரசும் 2018ல் மிட்வைஃபரி சேவைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டு, செவிலியர்களுக்கு 18 மாதத் தனிப் பயிற்சி கொண்டுவந்தது. நல்லது. ஆனால் அடிப்படைப் படிப்பிலேயே இந்த ருசி தெரியவேண்டும் என்பது என் கட்சி.

"நம்ம ஊருக்கு ஒத்துவராது மேடம்" என்பார்கள். பாதி நிஜம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள், வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி. மாணவிக்கோ சில வாரத்துக்கொரு போஸ்டிங், ராத்திரி எட்டு மணிக்கு ஹாஸ்டல் கேட் பூட்டு. வார்டனிடம் "என் பேஷண்ட்டுக்கு வலி வந்துருச்சு" என்று சொல்லிப் பாருங்கள், என்ன கிடைக்கும் என்று.

சரி, பத்து வேண்டாம். இரண்டு பேர் போதும். முதல் பிரசவத்துக்குத்தான் பெரும்பாலும் தாய்வீடு; அதனால் இரண்டாம் பிரசவக்காரியாகப் பார்த்துப் பிடிக்கலாம், இல்லையென்றால் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து இறங்குகிறவளை ஏழாம் மாதத்திலிருந்து தொடரலாம். கிராம சுகாதார செவிலியரோடு சேர்த்துவிட்டால் பிரசவத்துக்குப் பிந்தைய வீட்டுப் பார்வைக்கும் போகலாம். ராத்திரி அழைப்புக்குக் கல்லூரி வண்டியும் ஒரு ஆசிரியையும் வரட்டும், நான் வருகிறேன். 20 பிரசவக் கணக்கில் அதற்காக ஒன்றிரண்டு குறைந்தாலும் குடி முழுகாது.

அந்த ராத்திரி குழந்தையைப் பிடித்தது வேறொரு மாணவி, அவள் முறை அது. நான் தலைமாட்டில் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அதனால் என் கேஸ் புக்கில் அந்தப் பிரசவம் கிடையாது.