பிபி மாத்திரையா கிட்னியைக் கெடுக்கிறது?

"பிபி மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் கிட்னி போய்விடும், உடனே நிறுத்துங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுற்றுகிறது. தப்பு. கெடுப்பது கட்டுப்படாத பிபிதான்: சிறுநீரகத்துக்குள் இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் வருடக்கணக்கில் அதிக அழுத்தத்தைத் தாங்கித் தடித்துச் சுருங்கிப்போகின்றன, அப்புறம் கெட்டுப்போன சிறுநீரகமே பிபியை இன்னும் ஏற்றிவிடுகிறது. ராமிப்ரில், லோசார்டன் போன்ற பிபி மாத்திரைகள் சிறுநீரில் புரதம் ஒழுகுவதைக் குறைத்துக் கிட்னியைக் காப்பவை. ஆரம்பத்தில், கிட்னி வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் கொஞ்சம் ஏறலாம் (வதந்திக்கு விதை இதுதான் போல). அந்த ஏற்றம் 30 சதவீதத்துக்குள் என்றால் பொதுவாக நிறுத்தமாட்டார்கள், மறுபடி ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள். பயப்படுவதாக இருந்தால், மூட்டுவலிக்கு மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறோமே, அந்த டைக்ளோஃபெனாக்கைப் பார்த்துப் பயப்படுங்கள்.