டிஸ்க் கோல்ஃபில் வேகம் விலைக்குக் கிடைப்பதில்லை

நான் வசிக்கும் வட கரோலைனாவின் சார்லட் நகரில், தட்டு போன்ற டிஸ்க்கை மிகக் குறைந்த வீச்சுகளில் கூடைக்குள் எறியும் டிஸ்க் கோல்ஃபை ஆட வரும் புதியவர்களில் கணிசமானோர் ஏற்கெனவே கோல்ஃப் ஆடிப் பழகியவர்கள். அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றேதான்: "மிக அதிகத் தூரம் போகும் டிஸ்க் எது?" கோல்ஃபில் இது முற்றிலும் நியாயமான கேள்வி. நல்ல டிரைவர் (நெடுந்தூரம் அடிப்பதற்கான மட்டை) ஒன்றை வாங்கினால் சராசரி ஆட்டக்காரருக்குக்கூடச் சில மீட்டர்கள் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் டிஸ்க் கோல்ஃபில் அதே கேள்வியோடு கடைக்குப் போகிறவர், தமக்கு இருக்கும் தூரத்தையும் குறைத்துக்கொள்ளும் கருவியையே பெரும்பாலும் வாங்கி வருகிறார். இரண்டு ஆட்டங்களும் பெயரையும், டீயையும் (ஆட்டம் தொடங்கும் இடம்), பாரையும் (ஓர் இலக்கை முடிக்க எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை), பதினெட்டு இலக்குகளையும் பகிர்ந்துகொள்வதால் கருவியைப் பற்றிய சிந்தனையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைப்பதே இந்தக் குழப்பத்தின் வேர் என்பது என் கருத்து.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாம்-ஓ நிறுவனத்தில் ஃப்ரிஸ்பி என்ற எறிதட்டை மேம்படுத்திய எட் ஹெட்ரிக், 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரத் திடலை அமைத்தார். டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் சங்கிலிக் கூடையும் அவருடைய வடிவமைப்புதான். தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏ 1976இல் தோன்றியது. அந்தத் தொடக்க ஆண்டுகளில் ஆடப்பட்டவை மழுங்கிய விளிம்புள்ள சாதாரண ஃப்ரிஸ்பிகள். 1983இல் இன்னோவா நிறுவனத்தின் டேவ் டனிபேஸ், விளிம்பைக் கத்தியின் வாய் போலச் சரித்துச் செதுக்கிய ஈகிள் என்ற டிஸ்க்கைக் கொண்டுவந்த பிறகுதான் இன்று நாம் காணும் டிரைவர் (நெடுந்தூரத்துக்கு), மிட்ரேஞ்ச் (இடைத்தூரத்துக்கு), பட்டர் (கூடைக்கு அருகில் வீச) என்ற பிரிவினை பொருள் உள்ளதாயிற்று. கூர்மையான விளிம்பு காற்றின் எதிர்ப்பைக் குறைத்தது, தூரம் கூடியது. கூடவே, அந்தத் தூரத்தை எல்லாரும் அடையலாம் என்ற எண்ணமும் பரவியது.

கோல்ஃபில் கருவி உண்மையிலேயே வேகத்தைப் பெருக்கித் தருகிறது. ஒரு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள டிரைவரின் தலைப்பகுதி, முன்னணித் தொழில்முறை ஆட்டக்காரரின் கையில் மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர் வேகத்தில் வந்து பந்தைத் தொடுகிறது. அந்தத் தொடுகை ஒரு வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கிறது; ஆனால் பந்து ஏறக்குறைய 275 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அதாவது தலைப்பகுதியின் வேகத்தைப்போல ஒன்றரை மடங்கு. தண்டின் நீளம், தலையின் எடை, முகப்பின் மீள்தன்மை ஆகியவை சேர்ந்து செய்யும் வேலை இது. இந்த வேலை எல்லை மீறிவிடக் கூடாது என்பதால்தான் கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்புகளான யுஎஸ்ஜிஏவும் ஆர்&ஏவும் டிரைவர் முகப்பின் மீள்தன்மைக்கு வரம்பு விதித்திருக்கின்றன; பந்து அளவுக்கு மீறிப் பறப்பதைக் கட்டுப்படுத்தும் விதியையும் 2023 டிசம்பரில் அறிவித்தன.

டிஸ்க் கோல்ஃபில் அப்படிப்பட்ட பெருக்கம் எதுவும் கிடையாது. விரல்களை விட்டு நீங்கும் கணத்தில் கை என்ன வேகத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதுதான் டிஸ்க்கின் வேகம். முன்னணி ஆட்டக்காரர்களின் வீச்சு மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டும். வார இறுதியில் பூங்காவுக்கு வருகிறவரின் வீச்சு 70, 80 கிலோமீட்டரில் நின்றுவிடும். இந்த இடைவெளியை இருபது டாலர் கொடுத்து நிரப்ப முடியாது. கால்களின் அடிவைப்பு, இடுப்பின் திருப்பம், டிஸ்க்கை நெஞ்சை ஒட்டி நேர்கோட்டில் இழுத்து வந்து கடைசி நொடியில் விடுவிக்கும் இசைவு ஆகியவைதான் அதை நிரப்பும்.

அப்படியானால் டிஸ்க்கின் வடிவம் செய்வது என்ன? கொடுத்த வேகத்தை எப்படிச் செலவிடுவது என்பதை அது தீர்மானிக்கிறது. இங்கேதான் இந்த ஆட்டம் கோல்ஃபிலிருந்து அடிப்படையில் விலகுகிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வலக்கைக்காரர் பேக்ஹேண்டில் (கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் புறங்கை முன்னே வர) வீசும் டிஸ்க், மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளின் திசையில் சுழல்கிறது. வேகமாகப் போகும்போது காற்றின் தூக்குவிசை டிஸ்க்கின் மையத்துக்குச் சற்றுப் பின்னால் விழுந்து, அதன் மூக்கை, அதாவது முன்விளிம்பை, கீழே அழுத்தப் பார்க்கிறது; வேகம் குறைந்ததும் அந்த விசை மையத்துக்கு முன்னால் நகர்ந்து மூக்கை மேலே தூக்கப் பார்க்கிறது. ஆனால் சுழல்கிற பொருள், தள்ளிய பக்கம் சாய்வதில்லை. சாய்ந்த பம்பரம் உடனே தரையில் விழாமல் தலையைப் பக்கவாட்டில் சுற்றுகிறதல்லவா, அதே நியாயப்படி டிஸ்க்கும் முதலில் வலப்பக்கம் சாய்ந்து, வேகம் அடங்கும்போது இடப்பக்கம் சாய்கிறது. முதல் சாய்வை டர்ன் என்றும் இரண்டாவதை ஃபேட் என்றும் ஆட்டக்காரர்கள் சொல்கிறார்கள். டர்ன் மிகுந்த டிஸ்க் அண்டர்ஸ்டேபிள். ஃபேட் மிகுந்தது ஓவர்ஸ்டேபிள்.

கோல்ஃப் பந்துக்கு இந்த இரட்டை வாழ்க்கை இல்லை. அதன் சுழற்சி அச்சு எந்தப் பக்கம் சாய்ந்து புறப்பட்டதோ, காற்று குறுக்கிடாத வரை அந்தப் பக்கம் மட்டுமே வளையும். ஒரே பறப்பில் வலப்பக்கம் போய் இடப்பக்கம் திரும்பாது. ஆகவே கோல்ஃபில் வளைவைப் பெரும்பாலும் தவறு என்றே கற்பிக்கிறார்கள். டிஸ்க் கோல்ஃபில் வளைவுதான் இயல்பு. நேர்கோடு என்பது மிகுந்த பயிற்சியால் வருவது. மரங்களுக்கு இடையிலான குறுகிய பாதையில் முதலில் வலம் போய்ப் பிறகு இடம் திரும்பி இறங்கும் பாதையை ஒருவர் முன்கூட்டியே மனத்தில் வரைந்து வீசுவதைப் பார்க்கும்போது, கோல்ஃபோடு ஒப்பிட்டு இதை மலிவுப் பதிப்பு என்று சொல்பவர்கள் ஆட்டத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது கடையில் நிற்கும் புதியவரிடம் வருவோம். டிஸ்க்கின் மேல் நான்கு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும்: வேகம், கிளைடு (மிதந்து செல்லும் திறன்), டர்ன், ஃபேட். இன்னோவாவின் புகழ்பெற்ற டெஸ்ட்ராயருக்கு அவை 12, 5, -1, 3. அதே நிறுவனத்தின் லெப்பர்டுக்கு 6, 5, -2, 1. புதியவர் 12ஐப் பார்த்ததும் 6ஐ விட இரண்டு மடங்கு வேகம் என்று புரிந்துகொள்கிறார். உண்மையில் அந்த எண், டிஸ்க் தரும் வேகத்தைக் குறிப்பதில்லை. டிஸ்க் கேட்கும் வேகத்தைக் குறிக்கிறது. டெஸ்ட்ராயர் தன் இயல்பான பாதையில் பறக்க வேண்டுமானால் அதற்குரிய வேகத்தில் புறப்பட வேண்டும். அது கிடைக்காவிட்டால் டர்ன் என்ற கட்டமே வராமல், புறப்பட்ட சிறிது தூரத்திலேயே இடப்பக்கம் சரிந்து விழும். அதே கையில் லெப்பர்டு நேராக மிதந்து, பல சமயம் கூடுதல் தூரமே போகும். கிளைடு எண் இரண்டுக்கும் 5 என்பதையும் கவனியுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வேகமான டிஸ்க்குகளின் விளிம்பு அகலமானது. பட்டரின் விளிம்பு ஒரு சென்டிமீட்டர் அளவில் இருக்க, டிரைவரின் விளிம்பு இரண்டைத் தாண்டும். பிடிஜிஏ அனுமதிக்கும் உச்சம் 2.6 சென்டிமீட்டர். சிறிய கைகளுக்கு அதை இறுகப் பிடிப்பதே கடினம். பிடி தளர்ந்தால் டிஸ்க்கின் மூக்கு மேலே எழும். மூக்கு எழுந்த டிஸ்க் உயரே ஏறித் திணறி நின்று, இடப்பக்கம் சரியும். கூர்மையான விளிம்புள்ள டிரைவர் இந்தக் குற்றத்தை மன்னிப்பதே இல்லை. தூரம் வரவில்லையே என்று மேலும் வேகமான டிஸ்க் வாங்குகிறவர்களிடம் நான் காணும் குறை பெரும்பாலும் மூக்கின் கோணத்தில்தான் இருக்கிறது.

அந்த நான்கு எண்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பிடிஜிஏ ஒவ்வொரு டிஸ்க்கின் விட்டம், எடை, விளிம்பின் அகலம், நெகிழ்வு ஆகியவற்றைச் சோதித்தே அங்கீகரிக்கிறது. விட்டம் 21 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராமுக்கு மேல் எடை இருக்கக் கூடாது. இப்படித் துல்லியமான விதிகள் இருக்கின்றன. ஆனால் வாங்குபவர் உண்மையில் நம்பி முடிவெடுக்கும் அந்தப் பறப்பு எண்களோ உற்பத்தியாளர் தாமே சூட்டிக்கொள்பவை. ஒரு நிறுவனத்தின் 9ம் இன்னொரு நிறுவனத்தின் 9ம் ஒன்றாகப் பறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே அச்சில் வார்த்தவைகூட, பிளாஸ்டிக்கின் வகையும் மேற்புறத்தின் குவிவும் மாறினால் வேறு வேறாகப் பறக்கும். கோல்ஃபும் இதில் யோக்கியம் என்று சொல்வதற்கில்லை. 7ஆம் எண் அயர்ன் மட்டையின் முகப்புச் சாய்வைக் காலப்போக்கில் குறைத்துக்கொண்டே வந்து, தூரம் கூடியதாக விளம்பரம் செய்தவர்கள் அங்கேயும் உண்டு. ஆனாலும் அயர்னின் சாய்வு எத்தனை பாகை என்பதை எவரும் அளந்து சரிபார்க்கலாம். டிஸ்க்கின் டர்ன் எவ்வளவு என்பதை இயந்திரத்தால் எறிந்து அளந்து வெளியிடும் பொறுப்பைச் சங்கமே ஏற்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

எண்ணிக்கை விஷயத்தில் கோல்ஃப் காட்டும் கட்டுப்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே 14 மட்டைகளுக்கு மேல் எடுத்துச் செல்லக் கூடாது. டிஸ்க் கோல்ஃபில் அப்படி வரம்பே இல்லாததால், முதுகில் இருபத்தைந்து டிஸ்க்குகளைச் சுமந்துகொண்டு, அவற்றில் ஐந்தை மட்டும் வீசுகிறவர்கள் நிறையப் பேர். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் பத்து, இருபது டாலர்தான். பூங்காத் திடல்கள் பெரும்பாலும் இலவசம். ஆகவே சிக்கனமான ஆட்டம் என்ற பெயர் நிலைக்கிறது. அலமாரியைத் திறந்து காட்டச் சொன்னால் கதை வேறு. இதில் ஒரு நியாயமும் இருக்கத்தான் செய்கிறது: டிஸ்க் மரத்தில் மோதி மோதித் தேயும்போது அதன் ஃபேட் மெல்லக் குறைகிறது, அதனால் ஒரே வகையில் புதியது, பழகியது, நன்றாகத் தேய்ந்தது என மூன்றை வைத்திருப்பவர் மூன்று வெவ்வேறு கருவிகளை வைத்திருக்கிறார். இது ஆசையால் சேர்ப்பதிலிருந்து வேறுபட்டது.

மெதுவான டிஸ்க்கின் மதிப்பை விளக்க நான் எப்போதும் சுட்டிக்காட்டும் வீச்சு ஒன்று உண்டு. 2021இல் யூட்டாவின் ஆக்டன் நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் கடைசி இலக்கில், ஜேம்ஸ் கான்ராட் ஒரு வீச்சு பின்தங்கியிருந்தார். முன்னிலையில் இருந்தவர் பால் மெக்பெத். 2012இல் எங்கள் சார்லட்டில் முதல் உலகப் பட்டத்தை வென்று, 2021இன் தொடக்கத்தில் டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தோடு பத்தாண்டுகளுக்கு ஒரு கோடி டாலர் ஒப்பந்தம் செய்தவர். கான்ராட் கூடையிலிருந்து 247 அடி, அதாவது ஏறத்தாழ 75 மீட்டர் தள்ளி நின்று வீசினார். டிஸ்க் சங்கிலியில் போய் விழுந்தது. ஆட்டம் சமனாகி, பிளே-ஆஃபில் பட்டமும் அவருடையதாயிற்று. அவர் வீசியது டிரைவர் அல்ல. என்வி என்ற பட்டர். அந்தத் தூரத்துக்கு அவருடைய கைக்கு அதுவே போதும் என்பதோடு, மெதுவான டிஸ்க் பாதை பிசகாமல் பறக்கும் என்பதும் காரணம். பட்டரால் 75 மீட்டர் வீசத் தெரியாதவர் டிரைவரை வாங்கி என்ன செய்யப் போகிறார் என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்.

கோல்ஃப் நண்பர்கள் என்னை மடக்கும் இடம் பட்டிங், அதாவது இலக்கின் அருகே நின்று முடித்துவைக்கும் கட்டம். அதில் அவர்கள் பக்கம் நியாயம் அதிகம். 42.67 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்தை 108 மில்லிமீட்டர் குழிக்குள், சரிவும் புல்லின் போக்கும் கணித்து உருட்டுவது பெருங்கலை. உலகின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டு அடித் தூரத்திலிருந்து பாதிதான் வெற்றி பெறுகிறார்கள். டிஸ்க் கோல்ஃபின் முன்னணியினர் பத்து மீட்டர் வட்டத்துக்குள் பெரும்பாலானவற்றைப் போட்டுவிடுகிறார்கள். பார் எண்ணிக்கையும் தாராளமானது. 2018இல் மிஷிகனில் மெக்பெத் ஒரே சுற்றில் பாருக்கு 18 குறைவாக ஆடியது நினைவிருக்கலாம். திடல் வடிவமைப்பாளர்கள் பாரைக் கடுமையாக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கோல்ஃபில் தவறிய பட் குழியருகே நிற்கும் வாய்ப்பே அதிகம். சரிவின் மேல் நடப்பட்ட கூடையைத் தவறவிட்ட டிஸ்க்கோ விளிம்பில் நின்று முப்பது மீட்டர் கீழே உருண்டுபோகக் கூடும். எதிர்க்காற்று மூக்கைத் தூக்கிவிடும் நாளில் ஏழு மீட்டர்கூடப் பயமுறுத்தும். அந்த வட்டத்துக்குள் வீசியபின் சமநிலையில் நின்று காட்டாமல் முன்னால் அடி வைக்கவும் கூடாது.

கருவிக்குச் செலவிட நினைப்பவரிடம் நான் சொல்வது, முதலில் இரண்டாவது வீச்சு ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான். கோல்ஃபில் வலக்கைக்காரர் இடக்கை மட்டையை எடுத்து அடிப்பது அரிது. டிஸ்க் கோல்ஃபில் பேக்ஹேண்ட், ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னே வர வீசுவது) என்ற இரண்டும் எதிரெதிர்ச் சுழற்சி தருபவை. அதனால் ஒரே டிஸ்க் ஒன்றில் இடப்பக்கமும் மற்றதில் வலப்பக்கமும் ஃபேட் ஆகும். ஃபோர்ஹேண்ட் கைவந்துவிட்டால் பையில் உள்ள ஒவ்வொரு டிஸ்க்கும் இரண்டாகிவிடுகிறது. வாங்கியே தீர வேண்டும் என்றால் ஒரு பட்டர், டிஸ்கிராஃப்ட் பஸ் போன்ற நேராகப் போகும் ஒரு மிட்ரேஞ்ச், லெப்பர்டு போன்ற மெதுவான ஒரு டிரைவர் ஆகிய மூன்று போதும். கை வேகம் குறைந்தவர்கள் 175 கிராமுக்குப் பதில் 160 கிராமுக்குக் குறைந்த எடையில் டிரைவரைத் தேர்ந்தெடுக்கட்டும். அதற்கு மேலும் பணம் கையில் அரித்தால், அதே பட்டரில், அதே பிளாஸ்டிக்கில், அதே எடையில் இன்னும் நான்கு வாங்கி, காலி மைதானத்தில் ஒரே இலக்கை நோக்கி ஐந்தையும் வரிசையாக வீசிப் பழகலாம். எது எங்கே விழுகிறது என்பதைப் பார்த்தால், குறை டிஸ்க்கில் இருக்கிறதா கையில் இருக்கிறதா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.