லாரி ஏறாத அரிசிக்குக் கார்பன் தடமே இல்லையா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: “பொள்ளாச்சித் தக்காளி லாரியில் வருகிறது, கார்பன் அதிகம், நம்ம வயல் அரிசிக்குக் கார்பன் தடமே இல்லை.” தவறு. கார்பன் தடம் என்றால் ஒரு பொருளை விளைவித்துக் கொண்டுவந்து சேர்ப்பதில் வெளியேறும், கரியமில வாயு போன்ற பூமியைச் சூடேற்றும் வாயுக்களின் மொத்தக் கணக்கு.

லாரிப் புகை கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். ஒரு டன் சரக்குக்குக் கிலோமீட்டருக்குத் தோராயமாக 100 கிராம் கரியமில வாயு என்று வைத்தால், 30 கிலோமீட்டர் வரும் ஒரு கிலோ தக்காளியின் பங்கு 3 கிராம்.

சரி, வயலுக்கு வாருங்கள். தண்ணீர் தேங்கிய சேற்றில் காலை வைத்தால் குமிழ் குமிழாகக் கிளம்புமே, அதில் மீத்தேன் இருக்கிறது. இந்த வாயு, நூறாண்டுக் கணக்கில், அதே எடைக் கரியமில வாயுவைப்போல் சுமார் 27 மடங்கு பூமியைச் சூடேற்றும். அப்புறம் யூரியா உரத்தாலும் சூடேற்றும் வாயு வெளியேறும். 2018இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வின்படி, ஒரு கிலோ அரிசிக்குச் சராசரியாகச் சுமார் 4 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான வெளியேற்றம் (எல்லா வாயுக்களையும் கரியமில வாயுக் கணக்குக்கு மாற்றினால்). நம்ம வயலுக்குக் கூடலாம், குறையலாம், பூஜ்யம் வராது. இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சினால் மீத்தேன் நன்றாகவே குறையும்.