படகுக்குப் பெரிய பைனாகுலர் வேண்டாம்

துறைமுகத்தில் படகேறிப் பறவை பார்க்கப் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 10×42 பைனாகுலரை எடுத்துக்கொள்கிறார்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்பக்க லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில். அது பறவையோடு சேர்த்துக் கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும். படகுக்கு 8×42 போதும், 7×50 இன்னும் நல்லது. 50-ஐ 7-ஆல் வகுத்தால் 7 மில்லிமீட்டர் சொச்சம். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அது. 10×42-இல் 4.2 தான். படகு குலுங்கிக் கண் சற்று விலகினாலே காட்சி இருண்டுபோகும்.

ஸ்கோப்பும் (ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி) முக்காலியும் கரையிலேயே இருக்கட்டும். இன்ஜின் அதிர்வு முக்காலியின் கால் வழியாக லென்ஸுக்கு ஏறிவிடும். முழங்கையைப் படகின் விளிம்பில் ஊன்றினாலும் இதே கதைதான். சின்னப் படகென்றால் உட்கார்ந்தே பாருங்கள்.

ஆனால் கருவியைவிட, கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணைதான் முக்கியம் என்பேன். நீர் வற்றிக் கிடக்கையில் உள்ளான்கள் என்னும் கரையோரப் பறவைகள் சேற்றுத்திட்டெங்கும் சிதறி மேயும், படகிலிருந்து வெறும் புள்ளிகள்தான். நீர் ஏற ஏற மேய்ச்சல் இடம் சுருங்கிக் கூட்டம் நெருங்கும், படகும் கொஞ்சம் உள்ளே போகலாம். வற்றும் நீரில் அந்த ஆசை கூடாது. தரைதட்டினால் மறுபடி நீர் ஏறும்வரை மணிக்கணக்கில் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். நீர் நிறைந்ததும் அலைத்தடுப்புக் கற்களைப் பாருங்கள். கல்திருப்பி உள்ளான் அங்கே கல்லோடு கல்லாக உட்கார்ந்திருக்கும். ஆரஞ்சு நிறக் கால்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

வெயிலும் காற்றும் முதுகுப்பக்கம் இருக்கும்படி வாருங்கள். பறவை காற்றை எதிர்த்தே எழும்பும், அதனால் முகம் உங்கள் பக்கம் திரும்பும். தொலைவிலேயே வேகத்தை மெல்லக் குறைத்து, இன்ஜினை அணைத்து மிதந்து வாருங்கள் (கப்பல் போகும் வழியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்). பறவை மேய்வதை விட்டுக் கழுத்தை நிமிர்த்தினால் அதற்குமேல் ஓரடிகூட நெருங்க வேண்டாம். படத்துக்காகக் கூட்டத்தை வேண்டுமென்றே கிளப்பிவிடுபவர்களைப் படகில் ஏற்றவே கூடாது. இரைதேடவும் இளைப்பாறவும் அவற்றுக்குக் கிடைப்பதே சில மணி நேரம்.

ஆடும் படகில் ஆலாக்களை (மீன் பிடிக்கும் கடற்பறவைகள், ஆங்கிலத்தில் tern) இனம் பிரிக்க இறகு நுணுக்கம் உதவாது, அலகைப் பாருங்கள். தடித்த சிவப்பு அலகென்றால் காஸ்பியன் ஆலா. இரை தேடிப் பறக்கையில் அலகு தண்ணீரை நோக்கித் தொங்கினால் ஆலா, நேரே நீட்டியிருந்தால் பெரும்பாலும் கடற்காகம்.

கரைக்கு வந்ததும் லென்ஸைச் சட்டைத் துணியால் துடைத்துவிடாதீர்கள். காய்ந்த உப்புப் பொடி கண்ணாடியைக் கீறும். வாட்டர்ப்ரூஃப் வகையென்றால் முதலில் நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள், பிறகு துடைக்கலாம்.