ஊரை விட்டுப் போகவேண்டியதுதானே?

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தெற்கு மூலையில் இருக்கும் மெக்டவல் கவுண்டியைப் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) பற்றிப் பேச்சு வந்தாலே இங்குள்ள நம்ம தமிழ் ஆட்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். அங்கே பிழைப்பு இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போகவேண்டியதுதானே, நாமெல்லாம் கடல் தாண்டி வரவில்லையா என்று.

ஐயா, போய்விட்டார்கள். 1950 கணக்கெடுப்பில் அங்கே 98,887 பேர். 2020இல் 19,111 பேர். ஐந்தில் நான்கு பங்கு ஜனம் குறைந்துபோயிற்று, இன்னும் யார் போகவேண்டும் என்கிறீர்கள்?

போனவர்கள் பெரும்பாலும் இளவட்டங்கள், படித்தவர்கள், உடம்பில் தெம்பு இருந்தவர்கள். மிஞ்சியிருப்பவர்களில் சுரங்கத்தூசியில் நுரையீரல் கெட்டுப்போன பழைய தொழிலாளிகள் உண்டு, பெற்ற பிள்ளைகளைப் போதை மருந்துக்குப் பறிகொடுத்துவிட்டுப் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிகள் உண்டு, அப்புறம் சொந்த வீடு வைத்திருப்பவர்கள். விற்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை, அப்படியே விற்றாலும் அந்தக் காசு வெளியூரில் வாடகை முன்பணத்துக்கே காணாது. பிறந்த மண்ணை விட மனசில்லாதவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள், அது ஒன்றும் குற்றமில்லையே.

இந்த ஊர் எப்போதும் ஏழையாக இருக்கவில்லை. போக்கஹாண்டஸ் நிலக்கரி என்று பேர்போன, புகை குறைந்த உயர்தரக் கரி இங்கிருந்துதான் ரயில் ரயிலாகப் போயிற்று. அதை வெட்டத் தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பினத்தவர்கள் வந்தார்கள், இத்தாலியர்கள், ஹங்கேரியர்கள் வந்தார்கள். முதல் உலகப்போரில் பணியாற்றிய கறுப்பினச் சிப்பாய்களுக்காக 1928இல் கிம்பல் ஊரில் கட்டிய நினைவுக் கட்டடம் அந்நாட்டிலேயே அவ்வகையில் முதலாவது. கேரி என்ற ஊர் முழுக்க யூ.எஸ். ஸ்டீல் கம்பெனியின் ஊர். 1980களில் அந்தக் கம்பெனி அங்கே சுரங்கங்களை மூடியதும் ஊரே படுத்துவிட்டது. ஆனால் எந்திரங்கள் வந்து ஆட்களைக் குறைத்தது அதற்கு வெகு முன்னாலேயே தொடங்கியாயிற்று. ஏழைகள் உணவுப் பொருள் வாங்க அரசு உதவும் ஃபுட் ஸ்டாம்ப் திட்டம் கென்னடி ஆட்சியில் சோதனையாகத் தொடங்கியது, அதன் முதல் ஸ்டாம்புகளை 1961 மே மாதம் கொடுத்ததே இந்தக் கவுண்டியின் தலைநகரான வெல்ச்சில்தான். கரி விற்ற காசு எங்கே போயிற்று என்று அப்போதே யாராவது உரக்கக் கேட்டிருக்கவேண்டும்.

எனக்கு அதிகம் எரிச்சல் வருவது தண்ணீர் விஷயத்தில். பல குடியிருப்புகளில் குடிநீர்க் குழாய்களைப் போட்டதே அந்தக் காலக் கரிக் கம்பெனிகள்தான். கம்பெனி போயிற்று, குழாய் மட்டும் மண்ணுக்கடியில் துருப்பிடித்துக் கிடக்கிறது. ஆயிரம் வீடு இருந்த இடத்தில் நூறு வீடு இருந்தால் பழுதுபார்க்கும் செலவை யார் தலையில் கட்டுவது? அதனால் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்ற அறிவிப்பு சில இடங்களில் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூட நீடிக்கிறது. ஜனங்கள் சாலையோரம் மலையிலிருந்து ஒழுகும் ஊற்றில் கேன் கேனாகப் பிடித்துப் போகிறார்கள். சாக்கடைக் குழாய் நேரே ஓடைக்குப் போகும் வீடுகளும் உண்டு. அமெரிக்காவில்தான், வேறெங்கோ அல்ல.

பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவின் வடபகுதியில் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அங்கே ஆண்களின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 82 என்று 2010 வாக்கில் ஒரு கணக்கு வந்தது. அதே கணக்கில் மெக்டவல் ஆண்களுக்கு 64. நடுவில் ஆறு மணி நேர கார் பயணம், அவ்வளவுதான். மலை வழி என்பதால் கொஞ்சம் கூடலாம்.

சரி, ட்ரம்புக்கு ஓட்டுப் போட்டார்களே, அனுபவிக்கட்டும் என்று ஒரு கூட்டம் வரும். 2008இல் ட்ரம்பின் எதிர்க்கட்சிக்காரரான ஒபாமாவுக்குப் பெரும்பான்மை ஓட்டுப் போட்ட கவுண்டி இது. 2016இல் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஓட்டு ட்ரம்புக்குப் போயிற்று. எட்டே வருஷத்தில் இப்படிப் புரண்டதற்கு வெறும் முட்டாள்தனம் என்று விளக்கம் சொல்வது சோம்பேறித்தனம். அதே 2016 ஜனவரியில் கிம்பலில் இருந்த வால்மார்ட்டையும் மூடினார்கள். மளிகைக்கும் வேலைக்கும் அதையே நம்பியிருந்த ஊர்கள் அவை.

போன வருஷம்தான், 2025 பிப்ரவரியில், மறுபடி வெள்ளம் வந்து உயிர்களையும் கொண்டுபோயிற்று. 2001, 2002 வெள்ளங்களை மறக்காதவர்கள் இன்னொரு முறை சேறு வாரினார்கள். மேட்டில் வீடு கட்டக்கூடாதா என்று கேட்காதீர்கள். சமதளம் என்று இருப்பதே ஓடையை ஒட்டிய குறுகிய பட்டைதான், மலைச்சரிவு முழுக்க ஜனங்களுடையதல்ல, பெரும்பகுதி வெளியூர்க் கம்பெனிகளின் சொத்து.

இப்போது ஏடிவி என்கிற, கரடுமுரடான மலைப்பாதையில் ஓடும் சின்ன வண்டியை ஓட்ட வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், ஹேட்ஃபீல்டு மெக்காய் தடங்கள் என்று பெயர். அவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டும் சாப்பாடு போட்டும் சிலர் பிழைக்கிறார்கள், நல்ல விஷயம்தான். என்ன, அந்தத் தடங்கள் போகும் மலையும் பெரும்பாலும் கரி, நிலக் கம்பெனிகளுடையதுதான், அனுமதி வாங்கித்தான் வண்டி ஓடுகிறது.